பழைய படத்தைச் சீராக்க எந்த மவுஸ் வாங்குவது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண ஆல்பம் வேலையோடு இன்னொரு வேலையும் வந்துகொண்டே இருக்கிறது. வளவு என்கிற உள்முற்றத்துச் சுவரின் உச்சியில், சற்றே முன்பக்கம் சாய்த்து மாட்டியிருந்த ஐயா படம். அப்பத்தா கழுத்திரு என்கிற கல்யாணத் தாலி பூண்டு நிற்கிற கல்யாணப் படம். ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன இடத்தில் எடுத்து, ஸ்டுடியோ பெயர் அச்சிட்ட தடித்த அட்டையில் ஒட்டி ஊருக்கு அனுப்பிய படம். அறுபதாம் கல்யாணம் வருகிறது, பங்காளிகள் ஆளுக்கொரு பிரதி கேட்கிறார்கள் என்று எடுத்து வருவார்கள். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். ஓரத்தை ராமபாணப் பூச்சி அரித்திருக்கும். மழைத் தண்ணீர் இறங்கிய கறை, நடுவில் மடிந்து வெடித்த கோடு, எல்லாம் இருக்கும். கொண்டுவருகிற ஆச்சி சொல்வது ஒன்றுதான்: "தம்பி, அந்தக் கோட்டை மட்டும் எடுத்துருங்க. ஐயா மூஞ்சியில கை வச்சுராதீங்க."

இதுதான் வேலையின் இலக்கணம். கோடு போக வேண்டும், அதன் பக்கத்திலேயே இருக்கிற கன்னத்துச் சுருக்கம் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே சில நேரம் நான்கைந்து பிக்சல்தான் (படத்தின் மிகச் சிறிய புள்ளிகள்) இடைவெளி இருக்கும். கம்ப்யூட்டரில் அந்த இடைவெளியில் ஃபோட்டோஷாப்பின் பிரஷ்ஷை ஓட்டும்போதுதான், கையில் இருக்கும் மவுஸ் சரியானதுதானா என்ற கேள்வி வருகிறது. கடைக்குப் போனால் பெட்டி மேல் 7200, 12000, 25600 என்று எண் போட்டிருக்கும். எண் பெரிதாக இருந்தால் துல்லியம் அதிகம் என்று நம்பிக் காசு கொடுப்பவர்கள் நிறைய. அது நடப்பதில்லை. அந்த எண் சொல்வது வேறு, இந்த வேலை கேட்கும் துல்லியம் வேறு.

டிபிஐ என்று பெட்டியில் போட்டிருப்பது, மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கம்ப்யூட்டருக்கு எத்தனை சின்ன நகர்வு நடந்ததாகச் சொல்லும் என்பதன் கணக்கு. 800 டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு 800 நகர்வு. விண்டோஸ் அதை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டால், திரையில் பாயின்டர் 800 பிக்சல் போகும். 1920 பிக்சல் அகலத் திரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கடக்க இரண்டரை அங்குலம்கூட வேண்டாம். ஒரு பிக்சல் நகரக் கை 0.03 மில்லிமீட்டர் நகர வேண்டும். அது ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. இதே மவுஸை 3200க்கு மாற்றினால் ஒரு பிக்சலுக்கு 0.008 மில்லிமீட்டர். எந்த மனிதக் கையும் அந்த அளவுக்கு நிலையாக நிற்காது. நல்ல ஆரோக்கியமான கைக்கே நொடிக்குப் பத்து முறை வரை மெல்லிய நடுக்கம் உண்டு. எண்ணை ஏற்றினால் மவுஸ் அந்த நடுக்கத்தையும் விடாமல் திரைக்கு அனுப்பிவிடும்.

ஆகவே 1920 பிக்சல் திரைக்கு 800, மிஞ்சினால் 1000 போதும். 4கே திரை வைத்திருந்தால் அகலத்தில் பிக்சல் இரட்டிப்பாகிறது, அப்போது 1200 முதல் 1600 வரை. ஆபீஸ்களுக்குக் கட்டுக்கட்டாக வாங்கிப் போடுகிற சாதாரண மவுஸ்களிலேயே இந்த எண் இருக்கிறது. பெரிய எண்கள் பல திரைகளை ஒரே வீச்சில் தாண்ட வேண்டியவர்களுக்கும் விளையாடுகிறவர்களுக்கும் உதவலாம். விரிசலை மூடுகிறவருக்கு அவற்றால் பயன் இல்லை. விலை மலிந்த சில மவுஸ்களில் அந்த எண்ணே உண்மையான எண் அல்ல. சென்சார் உண்மையில் பார்ப்பது குறைவாக இருக்கும், மீதியைக் கணக்குப் போட்டுப் பெருக்கிக் காட்டும். அப்படிப்பட்ட மவுஸில் பாயின்டர் ஒவ்வொரு பிக்சலாக நகராது, இரண்டு மூன்றாகத் தாவும்.

துல்லியம் டிபிஐயில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது? பெரும்பங்கு, மவுஸுக்கு வெளியே இருக்கிறது. ஆறுக்கு நாலு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (ஸ்கேனரில் இது ஓர் அங்குலத்துக்கு எடுக்கும் பிக்சல் கணக்கு) ஸ்கேன் செய்தால் 3600க்கு 2400 பிக்சல் கிடைக்கும். அதில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகல விரிசல் இரண்டு பிக்சலுக்குச் சற்று மேல். 100 சதவீதத்தில் திறந்து வைத்தால் 24 அங்குலத் திரையில் அது முக்கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் மேல் பிரஷ்ஷை வைக்க முயன்றால் எந்த மவுஸும் தோற்கும். அதே படத்தை 1200இல் ஸ்கேன் செய்து 300 சதவீதத்துக்கு ஸூம் செய்தால் அதே விரிசல் திரையில் நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிந்து நிற்கும். மவுஸ் மாறவில்லை, கை மாறவில்லை, வேலை எளிதாகிவிட்டது. 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் கை குறிபார்த்துத் தொடுவதை அளந்து ஒரு விதி எழுதினார். இலக்கு சிறியதாகவும் தூரத்திலும் இருந்தால் நேரம் கூடும், பெரியதாகவும் பக்கத்திலும் இருந்தால் குறையும். கம்ப்யூட்டர் மவுஸ் வருவதற்கு முன்பே எழுதியது, மவுஸுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஸ்கேனர் சரியில்லாமல் விலை உயர்ந்த மவுஸ் வாங்குவது வீண் செலவு என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது, மவுஸ் எதன் மேல் ஓடுகிறது என்பது. இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. 1964இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசித்து பில் இங்கிலிஷ் செய்து கொடுத்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். பின்னால் வந்த உருண்டை மவுஸும் உருண்டு உருண்டுதான் நகர்வை அளந்தது. அழுக்குச் சேர்ந்தால் உருளைகளை நகத்தால் சுரண்டியதெல்லாம் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். 1999இல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் வந்த பிறகு உருண்டைக்கு விடைகொடுத்தாயிற்று. இப்போதைய மவுஸின் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒரு சின்ன விளக்கு மேஜைப் பரப்பில் அடிக்கிறது. பரப்பின் மேடுபள்ளங்கள் நிழல் போடுகின்றன. கேமரா நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கண்டுபிடிக்கிறது. அதாவது மேஜைப் பரப்பில் பார்ப்பதற்கு ஏதாவது இருந்தாக வேண்டும்.

நம்மூர் ஸ்டுடியோ மேஜையை இப்போது நினைத்துப் பாருங்கள். தேக்கு மேஜை, அதன் மேல் தடித்த கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே பாஸ்போர்ட் அளவு முதல் பெரிய அளவு வரை மாதிரிப் படங்கள். நமக்கு அந்தப் படங்கள் தெளிவாகத் தெரிகின்றன. மவுஸின் கேமராவுக்குத் தெரியாது. அதன் ஃபோகஸ் தன் அடிப்பாகத்துக்கு வெகு அருகில் நிறுத்தப்பட்டிருக்கிறது, கண்ணாடிக்கு அடியில் இருப்பது எட்டாது. கண்ணாடியின் மேற்பரப்போ வழவழப்பு, நிழல் விழ மேடுபள்ளம் இல்லை. அதனால் பாயின்டர் நின்று நின்று ஓடும், சில நேரம் தானாக நடுங்கும். பாலிஷ் போட்ட கருங்கல்லிலும் இந்தச் சிக்கல் வரும். ஆத்தங்குடிக் கல் பதித்த மேஜையும் பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கல்லைச் செய்வதே கண்ணாடித் தகட்டின் மேல் சாயச் சிமென்ட்டை ஊற்றித்தான். மேற்பரப்பின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. மவுஸ் ஓட்ட அது ஏற்ற இடம் அல்ல.

கண்ணாடி மேலும் ஓடும் என்று சொல்லி விற்கிற மவுஸ்கள் உண்டு. லாஜிடெக் தன் எம்எக்ஸ் வரிசையில் அதற்கென்றே டார்க்ஃபீல்ட் என்ற முறையை வைத்திருக்கிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசியையும் கீறலையும் பார்த்து அது நகர்வைக் கணக்கிடுகிறது. நான்கு மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன் வேண்டும் என்பது அவர்கள் வைக்கும் நிபந்தனை. நல்ல முறைதான், ஆனால் விலை கூடுதல். ஒரு துணி மவுஸ் பேடு அதே சிக்கலைச் சில நூறு ரூபாயில் தீர்த்துவிடும். துணியின் நெசவு சென்சாருக்குப் பிடித்தமான பரப்பு. அதோடு துணிக்கு லேசான பிடிப்பும் இருக்கிறது, நிறுத்த நினைத்த இடத்தில் மவுஸ் நிற்கும். பெரிதாக, தைத்த ஓரத்தோடு, ஒரே நிறத்தில் வாங்குங்கள். நம் செம்மண் தூசியும் சித்திரை மாதத்து வியர்வையும் சேர்ந்து அதைச் சீக்கிரம் அழுக்காக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காய வைத்தால் பழையபடி ஆகிவிடும்.

லேசர் மவுஸ் பற்றி ஒரு வார்த்தை. 2004இல் லாஜிடெக் தன் முதல் லேசர் மவுஸைக் கொண்டுவந்தபோது இனி எல்லாம் லேசர்தான் என்று பேச்சு இருந்தது. லேசர் பரப்பை அதிக நுணுக்கமாகப் பார்க்கும், வழவழப்பான இடத்திலும் ஓடும். அந்த நுணுக்கமே துணியின் மேல் தொந்தரவு: இழைகளின் ஆழம் வரை பார்த்துவிட்டுச் சின்னச் சின்ன அதிர்வைச் சேர்த்துவிடும். நிதானமான வேலைக்கு எல்இடி அல்லது அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் ஆப்டிகல் மவுஸே மேல்.

சரி, நல்ல மவுஸ், நல்ல பேடு. இதற்குப் பிறகும் துல்லியத்தைக் கெடுக்கிற ஒன்று விண்டோஸுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் மவுஸ் என்ற பகுதிக்குள் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒரு டிக். பெயரைப் பார்த்து அதை எடுக்கப் பலருக்கும் மனம் வராது. அது செய்வது என்னவென்றால், நீங்கள் வேகமாக நகர்த்தினால் பாயின்டரை அதிக தூரம் தள்ளும், மெதுவாக நகர்த்தினால் குறைவாகத் தள்ளும். ஒரே அங்குலத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தூரம். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துதான் கை ஒரு தொழிலைக் கற்றுக்கொள்கிறது. தூரம் மாறிக்கொண்டே இருந்தால் கை எதைக் கற்றுக்கொள்ளும்? டிக்கை எடுத்துவிடுங்கள். அதன் மேலே இருக்கும் வேகக் கம்பியைச் சரியாக நடுவில் வையுங்கள். அங்கேதான் மவுஸ் சொல்லும் ஒரு நகர்வுக்கு ஒரு பிக்சல் என்ற கணக்கு நேராக இருக்கும். பல வருஷம் பழைய அமைப்பில் பழகியவர்களுக்குச் சில நாள் பாயின்டர் சொன்ன பேச்சுக் கேட்காததுபோல் இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

சில மவுஸ்களின் மென்பொருளில் 'ஆங்கிள் ஸ்னாப்பிங்' என்று ஒன்று உண்டு. கை கொஞ்சம் கோணினாலும் கோட்டை நேராக்கிக் கொடுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்பத்தாவின் நெற்றியோர முடியிழையைத் தொடர்ந்து போகும்போது நம்மைக் கேட்காமல் அதையும் நேராக்கும். அணைத்து வையுங்கள். நேர்கோடு வேண்டிய இடத்தில் ஃபோட்டோஷாப்பிலேயே ஓர் இடத்தில் கிளிக் செய்து, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இன்னோர் இடத்தில் கிளிக் செய்தால் பிரஷ் நேராகப் போய்விடும்.

இனி, கையில் பிடிக்கிற சமாச்சாரம். என் கணக்கில் மவுஸ் தேர்வில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. ஏன் என்பதற்கு ஒரு கண்டாங்கிச் சேலைப் படத்தைச் சொல்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம், ஆனால் கட்டம் பளிச்சென்று தெரிகிறது. கட்டங்களின் குறுக்கே ஒரு விரிசல். குளோன் ஸ்டாம்ப்பை (ஓர் இடத்தை நகலெடுத்து இன்னோர் இடத்தில் வைக்கும் கருவி) எடுத்து, நல்ல இடத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் முனையில் ஆல்ட்டை அழுத்தி ஒரு கிளிக். அப்புறம் விரிசல் விழுந்த இடத்தில் அதே மாதிரி முனை எங்கே இருந்திருக்க வேண்டுமோ அங்கே ஒரு கிளிக். ஒரு பிக்சல் தவறினால் கட்டம் உடைந்து படி இறங்கிய மாதிரித் தெரியும், சேலை கிழிந்ததுபோல் ஆகிவிடும். பாயின்டரைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோவது பெரிய கஷ்டம் இல்லை. பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்தில் மவுஸ் இம்மி நகர்கிறதே, அதில்தான் வேலை கெடுகிறது. பொத்தான் கனமாக இருந்தால் விரல் அதிகம் அழுத்தும், மவுஸ் முன்னாலோ பக்கத்திலோ சறுக்கும். கழுத்திருவைப் பென் டூலால் வெட்டி எடுக்கும்போதும் இதேதான். நகம் போல் வளைந்த தங்க உருக்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்துப் போக வேண்டும். புள்ளிக்குப் புள்ளி இம்மி விலகினால் வளைவு நெளிந்துவிடும்.

அதனால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது பொத்தான். ஆள்காட்டி விரலின் நுனியால் மெல்லத் தொட்டால் அழுந்த வேண்டும், ஆனால் விரலை வைத்திருந்தாலே அழுந்திவிடக் கூடாது. பொத்தான் பக்கவாட்டில் ஆடக் கூடாது. அடுத்தது உருவம். கட்டைவிரலும் மோதிரவிரலும் இரு பக்கமும் பிடிக்க இடம் வேண்டும். அந்த இரண்டு விரல்தான் கிளிக் செய்யும்போது மவுஸை ஆடாமல் பிடிக்கின்றன. உள்ளங்கை முழுவதும் படியும் பெரிய மவுஸ் நாள் முழுக்க உட்கார்ந்து ஆல்பம் டிசைன் செய்ய சுகம். விரல்நுனியால் பிடிக்கும் சிறிய மவுஸ் டச்சிங்குக்கு, அதாவது கோடும் கறையும் எடுக்கும் வேலைக்கு, நல்லது, ஏனென்றால் மணிக்கட்டைவிட விரல்கள் நுணுக்கமாக நகரும். எடை 80 கிராமிலிருந்து 100 கிராமுக்குள் இருந்தால் நிம்மதி. லாஜிடெக்கின் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ் போன்றவை 140 கிராம் வரும். அதன் சக்கரங்களும் கூடுதல் பொத்தான்களும் லேயர், ஸூம் வேலைக்கு அருமை. ஆனால் பிக்சல் பிக்சலாக நகர்த்தும்போது அந்த எடையைக் கை உணரும். நேர்மாறாக, விளையாட்டுக்கென்று விற்கும் ஜி102 போன்ற கம்பி வைத்த மவுஸ்கள் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. எடை 85 கிராம், உருவம் சமச்சீர், டிபிஐயை 800இல் நிறுத்திக்கொள்ளலாம். ஒளிரும் வண்ண விளக்குகள் கண்ணை உறுத்தினால் அணைத்துவிடலாம். சின்ன ஸ்டுடியோவுக்கு இந்த வகைதான் என் முதல் சிபாரிசு.

இடக்கை பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்: கைக்கு வாகாக வளைத்துச் செய்த மவுஸ்கள் அநேகமாக எல்லாமே வலக்கைக்குத்தான். சமச்சீர் உருவமே அவர்களுக்கு வழி.

கம்பியா, வயர்லெஸ்ஸா என்பதில் பெரிய சர்ச்சை தேவையில்லை. தனி யூஎஸ்பி ரிசீவரோடு வரும் வயர்லெஸ் மவுஸ் இந்த வேலைக்குத் தாராளம். சாதாரண மவுஸ் நொடிக்கு 125 முறை, அதாவது எட்டு மில்லி நொடிக்கு ஒரு முறை, தான் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்கிறது. விளையாட்டு மவுஸ் 1000 முறை சொல்லும். பிரஷ்ஷை நிதானமாக இழுக்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. புளூடூத்தில் மட்டும் சில கம்ப்யூட்டர்களில் தயக்கம் இருக்கும். கம்பி வைத்ததில் பார்க்க வேண்டியது, கம்பி விறைப்பாக இருந்து மவுஸைப் பின்னால் இழுக்கிறதா என்பதே.

வாங்கும் முன் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. காரைக்குடியில் செக்காலை ரோட்டிலோ கல்லுக்கட்டிப் பக்கமோ கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்துவிட்டு, மவுஸை ஸ்கேலின் ஓரத்தில் ஒட்டி வைத்துப் பாயின்டர் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேலை ஒட்டியே மூன்று அங்குலம் விருட்டென்று தள்ளி, அதே தூரம் மெதுவாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பாயின்டர் திரையின் ஓரத்தில் இடிக்காதபடி டிபிஐயைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பழைய இடத்துக்குக் கிட்டத்தட்ட திரும்பி வந்தால் சென்சார் நேர்மையானது. வெகு தூரம் விலகி நின்றால் வேண்டாம். அப்புறம் விண்டோஸின் பெயின்ட் நிரலைத் திறந்து, மிக மெதுவாக ஒரு சாய்கோடு இழுங்கள். படிக்கட்டு ஒரே சீராக வர வேண்டும், நடுநடுவே பல் முளைத்திருந்தால் சென்சாரோ பரப்போ சரியில்லை.

பேனா டேப்லெட் (பலகை மேல் பேனாவால் வரையும் கருவி) வாங்கினால் மவுஸே வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாகோம், ஹூயான், எக்ஸ்பி-பென் என்று இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. பழைய ஸ்டுடியோக்காரர்கள் சாய்வு மேஜையில் நெகட்டிவை வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தின் பள்ளங்களை நிரப்பினார்களே, அந்தக் கைப்பழக்கத்துக்கு இன்றைக்கு நெருக்கமாக இருப்பது பேனாதான். அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு கூடும், குறையும். கன்னத்தின் ஒளியையும் நிழலையும் மெல்ல ஏற்றவும், பெரிய கறையைப் படிப்படியாகக் கரைக்கவும் மவுஸால் முடியாததை அது செய்யும். மவுஸில் அழுத்தம் கிடையாது. பிரஷ் மை விடும் அளவான ஃப்ளோவைப் பத்து சதவீதத்துக்குக் குறைத்துப் பல தடவை தேய்த்துத்தான் ஈடுகட்ட வேண்டும். 2018 பதிப்பு முதல் ஃபோட்டோஷாப்பில் இருக்கும் ஸ்மூத்திங் வசதி கை நடுக்கத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் பென் டூலால் புள்ளி வைப்பது, குளோன் ஸ்டாம்ப்பை ஒரு முனையில் நிறுத்துவது இரண்டுக்கும் நான் மவுஸையே எடுப்பேன். மவுஸை விட்டுக் கையை எடுத்தாலும் பாயின்டர் அங்கேயே நிற்கும். காபி குடித்துவிட்டு வந்து கிளிக் செய்யலாம். பேனாவை எடுத்தால் இடம் போய்விடும். முகம் நிறைய வேலை வருகிற ஸ்டுடியோவுக்கு இரண்டும் வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், மவுஸோடு தொடங்கலாம்.

செங்குத்தாக நிற்கும் மவுஸ்களை மணிக்கட்டு வலிக்காக வாங்குகிறார்கள். வலிக்கு அவை உதவக்கூடும். ஆனால் அதில் பொத்தானைப் பக்கவாட்டில் அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்துகிற திசையும் பாயின்டர் நகர்கிற திசையும் ஒன்றாகிவிடுகின்றன. நுணுக்கமான கிளிக்குக்கு இது பகை. வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் ஆல்பம் குவியும்போது பக்கம் அடுக்குவதற்கு அதை வைத்துக்கொண்டு, டச்சிங்குக்குச் சாதாரண மவுஸை எடுக்கலாம். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு மவுஸ் செருகி வைப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை.

நல்ல மவுஸும் நாளாவட்டத்தில் கெடும், முதலில் கெடுவது பெரும்பாலும் இடது பொத்தானின் சுவிட்ச். உள்ளே இருக்கும் சின்ன உலோகத் தகடு தேய்ந்தோ கறுத்தோ போனால் ஒரு கிளிக் இரண்டாகப் பதிவாகும். வேறு வேலையில் இது சின்னத் தொல்லை. இங்கே பென் டூல் கோட்டில் கேட்காத புள்ளிகள் முளைக்கும், இழுத்துக்கொண்டிருக்கும்போதே பிரஷ் நடுவில் விட்டுவிடும். கை தவறிவிட்டது என்று நினைத்து ஒரு நாள் முழுக்கக் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் வெற்று இடத்தில் நிதானமாக ஒவ்வொரு கிளிக்காக இருபது முப்பது முறை வைத்து, புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் மவுஸை மாற்ற வேண்டிய நேரம். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் கடைக்காரரே மாற்றித் தருவார், பில்லைப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.